கிரேனில் கை நசுங்கினால்: முதல் ஒரு மணி நேரமும் அதன் பிறகான உரிமைகளும்

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை, ஓசூர், கோவை என்று எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேனைப் பார்க்கலாம். இரும்பு பிளேட், காயில், வார்ப்பு, டை, மோட்டார் என்று ஆள் பலத்தால் தூக்க முடியாததையெல்லாம் அது தூக்கிவிடுகிறது. ஆனால் சுமையைக் கொக்கியில் மாட்டுவதும், ஆடும் சுமையைத் திருப்புவதும், இறங்கும் இடத்தில் பிடித்து நேராக்குவதும் இன்னும் மனிதனுடைய கைதான். விபத்தும் அந்த இடத்தில்தான் நடக்கிறது.

நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் இத்தகைய ஷெட்டுகளில் ஹெல்பராகவும் ஃபிட்டராகவும் காண்ட்ராக்ட் ஆளாகவும் வேலை பார்க்கிறார்கள். நம்மவர்களே முதலாளிகளாக இருக்கும் இரும்புக் கிடங்குகளும் தோல் தொழிற்சாலைகளும் உண்டு. ஒருவருக்கு விரல் போய்விட்டால் வீட்டில் என்ன பேச்சு எழும் என்பது நமக்குத் தெரியும். தக்தீர் என்பார்கள். முதலாளி நம்ம ஜமாஅத் ஆள், அவரிடம் போய் கேஸ் என்று நிற்க முடியுமா என்பார்கள். ஏதோ கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஒதுங்குவோம் என்று முடிப்பார்கள்.

தக்தீரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் நமக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கொடுக்க வேண்டியவர் கொடுக்காமல் இருப்பதற்கு தக்தீர் ஆதாரமாகாது. தொழிலாளியின் வியர்வை உலர்வதற்கு முன் அவர் கூலியைக் கொடுத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். வேலையில் கை இழந்தவருக்குச் சட்டம் தரச் சொல்லும் தொகையும் அந்த வரிசையில்தான் வருகிறது. அது அவருடைய ஹக்கு, யாரும் மனமிரங்கித் தரும் சதகா அல்ல. ஆகவே விபத்து நடந்த நிமிடத்திலிருந்து பணம் கைக்கு வரும் வரை ஒரு குடும்பம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். இவை இந்தியச் சட்டப்படியானவை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தந்த நாட்டுச் சட்டமே பொருந்தும்.

கை எப்படிச் சிக்குகிறது

கிரேன் என்றால் சுமை அறுந்து தலையில் விழுவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். கையைப் பொறுத்தவரை ஆபத்து பெரும்பாலும் முதல் சில அங்குலங்களில் இருக்கிறது. தொங்கிக்கொண்டிருக்கும் செயினோ பெல்ட்டோ இறுகும் அந்த நொடியில், ஸ்லிங் நழுவாமல் இருக்கட்டும் என்று விரலால் பிடித்திருப்பார்கள். ஆபரேட்டர் பட்டனை அழுத்தியதும் செயினுக்கும் சுமைக்கும் நடுவில் விரல் மாட்டிக்கொள்ளும். டன் கணக்கான எடைக்கு நடுவே போன விரல் சும்மா திரும்பாது.

இரண்டாவது, இறக்கும்போது. அடியில் கட்டை வைப்பதற்காகவோ, போட்ட கட்டை சாய்ந்துவிட்டது என்று நகர்த்துவதற்காகவோ கையை உள்ளே விடுவது. மூன்றாவது, சுமைக்கு நேர் மேலே கொக்கி இல்லாமல் பக்கவாட்டில் இழுத்துத் தூக்குவது. தரையை விட்டு எழும்பியதும் சுமை ஊசலாடிப் போய் மெஷினிலோ தூணிலோ மோதும். அதைத் தடுக்க நீட்டிய கை நடுவில் அகப்படும்.

சிறிய பட்டறைகளில் இன்னொன்றும் உண்டு. தொங்கும் பட்டன் பெட்டியை ஒரே ஆள் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுமையையும் பிடித்திருப்பார். கண் சுமையில் இருக்கும், விரல் தவறான பட்டனில் இருக்கும். ஆளைக் குறைத்துச் செய்யும் இந்தச் சிக்கனத்தின் விலையை முதலாளி கொடுப்பதில்லை.

தடுப்பது பெரிய வித்தையல்ல. ஸ்லிங்கை இறுகும் வரை மட்டும் தூக்கி நிறுத்த வேண்டும். எல்லோரும் கையை எடுத்துவிட்டதைப் பார்த்த பிறகே மேலே தூக்க வேண்டும். சுமையைத் திருப்ப அதில் கட்டிய கயிறோ நீண்ட தள்ளு கம்போ போதும், உள்ளங்கை தேவையில்லை. சைகை காட்டுபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவர் காட்டாமல் கிரேன் நகரக் கூடாது. தோல் கையுறை வயர் ரோப்பின் அறுந்த கம்பிகள் குத்தாமல் காக்கும். நசுங்குவதிலிருந்து எந்தக் கையுறையும் காக்காது.

மோதிரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுன்னத் என்று வெள்ளி மோதிரம் அணிபவர்கள் நம்மில் நிறைய. கொக்கியிலோ சுமையின் விளிம்பிலோ மோதிரம் மாட்டினால் விரலின் தோல் முழுவதும் உறைபோல உரிந்து வந்துவிடும். எலும்பு நன்றாக இருந்தும் விரலை எடுக்க வேண்டிவரும் காயம் அது. ஷெட்டுக்குள் நுழையும்போது மோதிரம் பாக்கெட்டில் இருக்கட்டும், தொழுகைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

நிர்வாகத்தின் கடமையும் எழுத்தில் உள்ளது. தூக்கும் இயந்திரம், செயின், கயிறு எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், எவ்வளவு எடை தூக்கலாம் என்பதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும், கிரேன் ஓடும் தண்டவாளத்தில் ஆள் வேலை செய்தால் 6 மீட்டருக்குள் கிரேன் வரக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் விதித்தவை.

முதல் ஒரு மணி நேரம்

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். காபித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அறுவை சிகிச்சை செய்பவருக்கு அதைக் கழுவி எடுப்பதே தனி வேலையாகிவிடும். மோதிரமோ கடிகாரமோ இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலில் தொங்கிக்கொண்டிருக்கும் விரலை வெட்டி எடுக்காதீர்கள், இருக்கிற நிலையிலேயே சேர்த்துக் கட்டுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுக்க ஒருவரை அனுப்புங்கள். சுத்தமான நீரிலோ சலைனிலோ மெல்ல அலசி, நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்று புகாமல் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். இப்படி வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும். தசை நிறைந்த பகுதி, அதாவது மணிக்கட்டுக்கு மேலே துண்டானது, சுமார் 6 மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம். கத்தி வெட்டியதைப்போல நசுங்கிய விரலைச் சேர்க்க எல்லா நேரமும் முடியாது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், சூப்பர்வைசர் அல்ல.

அருகிலுள்ள கிளினிக்கில் தையல் போட்டு அனுப்புவதோடு நின்றுவிடாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே நீண்ட காலமாகத் தனித் துறை இருக்கிறது. கோவையில் கங்கா மருத்துவமனை இந்தச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. 108 வண்டியில் ஏறும்போதே கை அறுவை நிபுணர் உள்ள இடத்துக்கு என்று கேளுங்கள்.

வெளியில் காயமே தெரியாமல் கை நசுங்கியிருப்பதும் உண்டு. வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், விரல்கள் மரத்துப் போனால், விரலை லேசாக நீட்டினாலே உயிர் போகிற வலி என்றால் அது அவசர நிலை. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கலாம். மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று விடக்கூடிய விஷயமல்ல.

மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியம்

எப்படி அடிபட்டது என்று டியூட்டி டாக்டர் கேட்பார். கூட வந்த மேஸ்திரியோ கம்பெனி ஆளோ முந்திக்கொண்டு, பைக்கில் விழுந்துவிட்டார், வீட்டுக் கதவில் சிக்கிவிட்டது என்று சொல்வது நடக்கிறது. போலீஸ் தொல்லை வேண்டாம் என்று நம் ஆளும் தலையாட்டிவிடுவார். அந்த ஒரு வரிதான் பின்னாளில் அவருக்கு எதிரான முதல் ஆவணமாக வந்து நிற்கும். வேலை நேரத்தில், இந்த இடத்தில், கிரேனில் சுமை தூக்கும்போது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பொய் சாட்சியம் பெரும்பாவம் என்பது நமக்குச் சொல்லித் தரப்பட்டதுதான். முதலாளிக்காகச் சொன்னாலும் அதன் தன்மை மாறிவிடாது. அரசு மருத்துவமனை என்றால் விபத்துப் பதிவேட்டின் நகலையும், எங்கு சேர்ந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்கள் அனைத்தையும் வாங்கி ஒரே பையில் வையுங்கள்.

அன்றே செய்ய வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. உடன் வேலை செய்தவர்களில் ஒருவர் அந்த இடத்தையும் ஸ்லிங்கையும் கொக்கியையும் செல்போனில் படம் எடுத்து வைப்பது. தொழிற்சாலையின் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று பார்ப்பது. 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு நிர்வாகம் தகவல் கொடுத்தாக வேண்டும்.

யாருக்கு எந்தச் சட்டம்

இதுவரை இரண்டு பழைய சட்டங்கள் இதைக் கவனித்து வந்தன. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் ஒன்று, 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் மற்றொன்று. 2025 நவம்பர் 21 முதல் இவை இரண்டும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020க்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. விரலுக்கு இத்தனை சதவீதம் என்ற பட்டியலும், சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்கும் முறையும் புதிய தொகுப்பிலும் இருக்கின்றன.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பொருந்தும். சம்பளத்தில் தொழிலாளியின் பங்காக 0.75 சதவீதமும் முதலாளியின் பங்காக 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். நோய்க்கான உதவித்தொகைக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலை விபத்துக்கு அது கிடையாது, சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு. வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு தீர்மானித்தால், அந்தச் சதவீதத்துக்கு ஏற்ற தொகை ஆயுள் முழுவதும் வரும்.

இ.எஸ்.ஐ. பொருந்தாத சிறிய பட்டறை, அல்லது 21,000க்கு மேல் சம்பளம் என்றால் ஊழியர் இழப்பீடு. அதை முதலாளியே கொடுக்க வேண்டும், மொத்தத் தொகையாக. சிகிச்சைக்கு உண்மையில் செலவானதையும் அவரே தர வேண்டும். சிகிச்சைக்குக் கட்டிய பணத்தை இழப்பீட்டுத் தொகையில் கழித்துக்கொள்ள முடியாது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு லட்சம் கட்டினேனே, இன்னும் என்ன என்று கேட்கும் முதலாளிக்கு இதுதான் பதில். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் அரை மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். ஒருவர் இரண்டு வழியிலும் வாங்க முடியாது. இ.எஸ்.ஐ. இருந்தால் இ.எஸ்.ஐ. மட்டுமே.

காண்ட்ராக்ட் ஆள், டெம்பரவரி, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை என்பதெல்லாம் உரிமையைப் பறிக்காது. காண்ட்ராக்டர் ஓடிப்போனால் வேலை நடந்த நிறுவனமே பொறுப்பு. அது கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சம்பளம் ஜிபேயில் வந்ததற்கான பதிவு, கேட் பாஸ், சக தொழிலாளியின் சாட்சியம் எல்லாமே ஆதாரம்தான்.

நீதான் கவனமில்லாமல் கையை விட்டாய் என்ற பேச்சைக் கேட்டுப் பலர் கூனிக் குறுகிவிடுகிறார்கள். கவனக்குறைவு ஒரு தடையே அல்ல. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய மூன்றினால் விபத்து நடந்தது என்று காட்டினால்தான் 1923 சட்டப்படி முதலாளி தப்ப முடியும். நிரந்தர முழு ஊனம் அல்லது மரணம் என்றால் அந்த வாதமும் எடுபடாது.

விரலுக்கு எத்தனை சதவீதம்

சட்டத்தின் பட்டியலில் கையின் ஒவ்வொரு பகுதிக்கும் சம்பாதிக்கும் திறன் இழப்பு சதவீதமாகத் தரப்பட்டிருக்கிறது. ஒரு கை முழுவதும் போனால் 60. இரு கைகளும் போனால் 100. கட்டைவிரல் 30, அதன் நுனிக் கணு மட்டும் 20. ஒரே கையில் நான்கு விரல்கள் போனால் 50, மூன்று 30, இரண்டு 20. ஆட்காட்டி விரல் முழுதும் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டு விரலும் 7. எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் துண்டானால்கூட ஆட்காட்டி விரலுக்கு 5, நடுவிரலுக்கு 4, மற்ற இரண்டுக்கும் 2. விரல் இருக்கிறது, ஆனால் நிரந்தரமாக முற்றிலும் பயன்படாது என்றால் அது போனதாகவே கணக்கு.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது ஆலிம்களுக்கு ஒரு விஷயம் உடனே நினைவுக்கு வரும். ஃபிக்ஹில் விரலுக்கான தியத் ஒட்டகங்களில் பத்து, எந்த விரலானாலும் அதுவே. சுண்டு விரலும் கட்டைவிரலும் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் விரல்களின் பயனைப் பார்த்து வெவ்வேறு அளவு நிர்ணயித்ததாகவும், அம்ர் பின் ஹஸ்ம் (ரலி) குடும்பத்தாரிடம் இருந்த நபிகளாரின் கடிதம் தெரிய வந்த பின் சமம் என்பதே நிலைத்ததாகவும் இமாம் ஷாஃபி பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு அளவுகோல்களும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். தியத் உடலுக்கு நேர்ந்த காயத்துக்கு, சட்டத்தின் பட்டியல் சம்பாத்தியத்துக்கு நேர்ந்த இழப்புக்கு. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. சுண்டு விரல்தானே என்று அலட்சியமாகப் பேசுவதற்கு மார்க்கத்தில் இடமே இல்லை. சட்டத்திலும் அது பூஜ்யம் அல்ல.

ரூபாயில் பார்ப்போம். 30 வயதுத் தொழிலாளி, மாதச் சம்பளம் 18,000, இ.எஸ்.ஐ. பொருந்தாத பட்டறை. 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 30 வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய், இது 100 சதவீதத்துக்கு. கட்டைவிரல் போயிருந்தால் அதில் 30 சதவீதம், 5,61,546 ரூபாய். ஆட்காட்டி விரல் முழுதும் என்றால் 2,62,055 ரூபாய். சுண்டு விரலுக்கும் 1,31,027 ரூபாய் வருகிறது. 40 வயது என்றால் காரணி 184.17 ஆகக் குறையும், 25 வயது என்றால் 216.91. புதிய தொகுப்பின் கீழ் வரும் அறிவிப்புகளில் உச்சவரம்பு மாறலாம், மனு போடும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே ஆள் இ.எஸ்.ஐ.யில் இருந்தால் தினச் சம்பளம் சுமார் 600, அதில் 90 சதவீதம் 540. ஓய்வில் இருக்கும் வரை நாளொன்றுக்கு அந்தத் தொகை. ஆட்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்று தீர்மானித்தால் நாளுக்கு சுமார் 75 ரூபாய், மாதம் 2,250 ரூபாய்க்கு மேல், ஆயுளுக்கும்.

பட்டியலில் உள்ள சதவீதமே கடைசி வார்த்தை என்றும் நினைக்க வேண்டாம். இடது கை முழங்கைக்கு மேலே போன ஒரு தச்சரின் வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு இது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் நால்வர் அமர்வு தீர்ப்பளித்தது. பட்டியல்படி பார்த்திருந்தால் அவருக்குக் குறைந்த சதவீதமே வந்திருக்கும். நீங்கள் செய்த வேலை என்ன, அதை இனிச் செய்ய முடியுமா என்பதை மனுவில் விரிவாக எழுதுவது இதனால்தான் முக்கியம். இழப்பீடு விபத்து நடந்த நாளிலிருந்தே கடன் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

வராந்தாவில் நடக்கும் சமரசம்

கட்டு பிரிப்பதற்கு முன்பே ஒரு முத்திரைத்தாள் வரும். 50,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதியிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் இருவர் சாட்சி. வீட்டில் அரிசி இல்லை, வாடகை பாக்கி. கையெழுத்து போடக்கூட வலது கை இல்லாதவர் இடது கைப் பெருவிரலை வைத்துவிடுவார்.

அந்தத் தாள் அவருடைய உரிமையைப் பறிக்காது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கவோ குறைக்கவோ செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டம் சொல்கிறது. சமரசம் செய்வதென்றால் ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றோ, நெருக்கி வாங்கியது என்றோ கண்டால் அவர் பதிய மறுக்கலாம். ஏற்கெனவே கையெழுத்து போட்டவர்கள் மனம் தளர வேண்டாம், மீதித் தொகைக்கு மனு போடலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். சமரசம் பேசும் முன் மேலே சொன்ன கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஐந்து லட்சத்துக்கு உரியவரை ஐம்பதாயிரத்துக்கு ஒப்புக்கொள்ள வைப்பது இஸ்லாஹ் ஆகாது. இருவரும் நம்மவர்கள் என்றால் ஆணையரிடம் பதிவு செய்யும் ஒப்பந்தமாக எழுதச் சொல்லுங்கள். முதலாளிக்கும் அதுவே பாதுகாப்பு.

சில முதலாளிகள் ஜகாத் பணத்திலிருந்து இதைக் கொடுப்பதாகவும் கேள்விப்படுகிறோம். ஒருவர் தம்மீதுள்ள கடமையான கடனை ஜகாத்தைக் கொண்டு அடைக்க முடியாது. இழப்பீடு முதலாளி மீதுள்ள கடன். அதைக் கொடுத்த பிறகும் அந்தக் குடும்பம் வறுமையில் இருந்தால் ஜகாத் தனியாகக் கொடுக்கட்டும்.

இன்சூரன்ஸ் பணமாயிற்றே என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள். இது தொழிலாளி எடுத்த பாலிசி அல்ல. கொடுக்க வேண்டியவர் முதலாளி, அவர் தம் பொறுப்பை எப்படி நிறைவேற்றுகிறார் என்பது அவர் விஷயம். தாமதமானால் 1923 சட்டம் 12 சதவீத வட்டியும், காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் விதித்தது. வட்டியாக வரும் பகுதியை என்ன செய்வது என்று உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். அசலை விட்டுவிட அது காரணமாகாது.

கட்டுப் போட்ட கையும் தொழுகையும்

வாரக்கணக்கில் கட்டு இருக்கும். உளூவில் கழுவ முடிந்த இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவினால் போதும் என்பது ஹனஃபி மத்ஹபில் உள்ளது. ஷாஃபி மத்ஹபில் அதோடு தயம்மும் செய்ய வேண்டும். காயத்தில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்னால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. கை முழுவதும் போனவருக்கு, கழுவ வேண்டிய பகுதியில் எது மீதமிருக்கிறதோ அதுவே கடமை.

எங்கே போவது

இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் தங்கள் காப்பீட்டு எண்ணோடு கிளை அலுவலகத்துக்குப் போய், முதலாளி விபத்து அறிக்கை அனுப்பியிருக்கிறாரா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். இ.எஸ்.ஐ.சி.யின் கட்டணமில்லா எண் 1800112526. முதலாளி பணம் பிடித்துக் கட்டாமல் விட்டிருந்தாலும் தொழிலாளியின் உரிமை போகாது, அதைக் கழகம் அவரிடம் வசூலித்துக்கொள்ளும். மருத்துவக் குழு தந்த சதவீதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீடு உண்டு.

மற்றவர்கள் தொழிலாளர் துறையின் இணை அல்லது துணை ஆணையர் அலுவலகத்தில் ஊழியர் இழப்பீட்டு மனு போட வேண்டும். விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் மாவட்டத்திலும் போடலாம். ஓசூரில் கை இழந்து ராமநாதபுரத்துக்குத் திரும்பிவிட்டவருக்கு இது பெரிய உதவி. கால வரம்பு விபத்து நடந்து இரண்டு ஆண்டு. ஆனால் சாட்சிகள் வேலை மாறிப் போய்விடுவார்கள், ஆகவே சில மாதங்களுக்குள் போட்டுவிடுவது நல்லது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. தொலைபேசி எண் 15100. போகும்போது மருத்துவக் காகிதங்கள், சம்பளத்துக்கான சான்று, ஆதார், வயதுச் சான்று, விபத்து நடந்த தேதியும் நேரமும் சாட்சிகளின் பெயரும் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வயதுச் சான்றில் உள்ள தேதியும் ஆதாரில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், காரணி வயதை வைத்துத்தான் வருகிறது.